தெளிவும் மண்டியும்: செசபீக் கழிமுகம் எப்படி இயங்குகிறது?

ரசத்தை இறக்கி வைத்து அரை மணி நேரம் அசைக்காமல் விட்டால் மேலே தெளிவு நிற்கும், அடியில் மண்டி தங்கும். பாத்திரம் ஒன்று, ரசமும் ஒன்று. ஆனால் மேலாக முகந்து ஊற்றினால் ஒரு ருசி, கரண்டியை அடிவரை விட்டு எடுத்தால் வேறொரு ருசி. பந்தியில் "தெளிவா, மண்டியா?" என்று கேட்டு ஊற்றுவது அதனால்தான்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களுக்குள் நீண்டு கிடக்கிறது செசபீக் விரிகுடா. பெயர் விரிகுடா என்றாலும் அது ஒரு கழிமுகம். ஆற்று நீரும் கடல் நீரும் சந்திக்கும் இடம். அந்த நாட்டிலேயே மிகப் பெரியது. நீளம் ஏறத்தாழ 320 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பி திருச்சியை நெருங்கும் தூரம். வாஷிங்டன், பால்டிமோர் நகரங்களைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு போகும் நீர்வெளியும் இதுதான். பாய்மரப் படகு, நண்டு பிடித்தல், தூண்டில், நீச்சல், பறவை பார்த்தல் என்று அங்கே எல்லாமே உண்டு.

ஆறும் கடலும் கலப்பதால் கழிமுகம் செழிக்கிறது என்று பொதுவாகச் சொல்வோம். அது பாதி உண்மை. அவை முழுதாகக் கலந்துவிடாமல், தெளிவும் மண்டியும் போல அடுக்காக நிற்பதுதான் அந்தச் செழிப்பின் அடிப்படை. நண்டின் பயணம், மீன்குஞ்சின் உணவு, கோடையில் அடிநீர் மூச்சுத் திணறுவது, ஆகஸ்டில் எந்தக் கரையில் குளிக்கலாம் என்பது வரை எல்லாவற்றுக்கும் இந்த அடுக்குதான் காரணம். ரசப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

பாத்திரம்

முதலில் பாத்திரம் எப்படி வந்தது? பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகத்தின் நீரில் பெரும்பங்கு பனியாக நிலத்தின் மேல் உறைந்திருந்தது. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே. அப்போது இங்கே விரிகுடா கிடையாது. சஸ்குவேஹானா என்ற ஆறு ஒரு பள்ளத்தாக்கை வெட்டிக்கொண்டு இன்றைய கரையையும் தாண்டி வெகுதூரம் கிழக்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. பனி உருகக் கடல் ஏறியது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் பள்ளத்தாக்கின் வாயில் உப்புநீர் நுழைந்தது. இன்றைய உருவத்தை அது எட்டி சுமார் 3,000 ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே செசபீக் என்பது மூழ்கிப்போன ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு.

அதற்கும் வெகு காலம் முன்பே, சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய விரிகுடாவின் தெற்கு முனையில் ஒரு பெரிய விண்கல் விழுந்தது. ஏறத்தாழ 85 கிலோமீட்டர் அகலமான அந்தப் பள்ளம் படிவுகளுக்கு அடியில் புதைந்து கிடந்து, 1990களில்தான் அடையாளம் காணப்பட்டது. பின்னாளில் ஆறுகள் எந்தப் பக்கம் வளைந்து எங்கே சேர வேண்டும் என்பதில் அந்தத் தாழ்விடத்துக்கும் பங்கு உண்டு என்று புவியியலாளர்கள் கருதுகிறார்கள்.

பாத்திரத்தின் வடிவம் கவனிக்கத்தக்கது. அகலம் அதிகபட்சமாக 48 கிலோமீட்டர். சராசரி ஆழமோ வெறும் ஆறரை மீட்டர். பழைய சஸ்குவேஹானாவின் தடம் மட்டும் நடுவில் ஒரு நீண்ட பள்ளமாக நிற்கிறது. அதன் மிக ஆழமான இடம் சுமார் 53 மீட்டர். அதாவது, அகன்ற ஆழமில்லாத பாத்திரம், நடுவில் மட்டும் ஒரு குழி. ஆழமில்லாத ஓரங்களில் சூரிய ஒளி தரையைத் தொடுவதால் அங்கே நீர்ப்புல் வளர்கிறது. நடுக்குழியில் கனமான உப்புநீர் தங்குகிறது. இரண்டுமே பின்னால் முக்கியமாகும்.

இந்தப் பாத்திரத்தில் ஊற்றும் நிலத்தின் பரப்போ மிகப் பெரியது. நியூயார்க், பென்சில்வேனியா, டெலவேர், மேரிலாந்து, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஆறு மாநிலங்களின் பகுதிகளும் தலைநகர் வாஷிங்டன் முழுவதும் சேர்ந்து சுமார் 1,66,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பைவிட அதிகம். அங்கே 1.8 கோடிப் பேர் வாழ்கிறார்கள். நிலப்பரப்பை நீர்ப்பரப்பால் வகுத்தால் 14 வருகிறது. உலகின் பெரிய கடலோர நீர்நிலைகளில் இவ்வளவு கூடுதலான விகிதம் வேறு எதற்கும் இல்லை. அவ்வளவு நிலத்தில் பெய்யும் மழை, அதோடு அடித்து வரும் மண், உரம், கழிவு எல்லாமே இந்த ஆழமில்லாத பாத்திரத்துக்குத்தான் வந்து சேர வேண்டும்.

விளாவுதல்

புளிக்கரைசலில் உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் பருப்புத் தண்ணீரை ஊற்றி விளாவுகிறோம். செசபீக்கில் விளாவுவது ஆறுகளின் வேலை. வடக்கு முனையில் ஹாவர் டி கிரேஸ் என்ற ஊரருகே நுழையும் சஸ்குவேஹானா மட்டுமே மொத்த நன்னீரில் ஏறத்தாழ பாதியைக் கொண்டுவருகிறது. மீதியைப் பொட்டோமேக், ராப்பஹானாக், யார்க், ஜேம்ஸ் முதலிய ஆறுகள் மேற்குக் கரையிலிருந்து பெரும்பாலும் ஊற்றுகின்றன. தெற்கு முனையில் திறந்திருக்கும் வாய் வழியாக அட்லான்டிக் பெருங்கடல் உள்ளே வருகிறது.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஆற்று நீரில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. அதனால் ஒரு லிட்டர் கடல் நீர் ஒரு லிட்டர் ஆற்று நீரைவிட 25 கிராம் அளவுக்குக் கனம். இந்தச் சிறு வித்தியாசமே 320 கிலோமீட்டர் நீர்வெளியை இயக்குகிறது. லேசான ஆற்று நீர் மேலே வழிந்து தெற்கே கடலை நோக்கிப் போகிறது. கனமான கடல் நீர் அதற்கு அடியில் புகுந்து வடக்கே, நிலத்தை நோக்கி ஏறுகிறது.

இந்த இடத்தில் பாத்திரத்துக்கும் கழிமுகத்துக்கும் உள்ள பெரிய வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். பாத்திரத்தில் தெளிவும் மண்டியும் அசையாமல் நிற்கும். இங்கே இரண்டு அடுக்கும் ஓடுகின்றன. அதுவும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. மேலே போகும் நன்னீர் தன் அடியில் இருக்கும் உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னோடு இழுத்துக்கொண்டே போகிறது. அப்படி வெளியேறும் உப்பை ஈடுகட்ட அடியில் கடல் நீர் தொடர்ந்து உள்ளே வந்தாக வேண்டும். அதனால்தான் விரிகுடாவின் வாயில் மேலடுக்காக வெளியேறும் நீர், ஆறுகள் கொண்டுவந்ததைப் போலப் பல மடங்காக இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் பிரிட்சர்ட் 1950களில் ஜேம்ஸ் ஆற்றுக் கழிமுகத்தில் அளவெடுத்து இந்த இரட்டை ஓட்டத்தைத் தெளிவாக நிறுவினார். உலகின் எந்தக் கழிமுகத்தை ஆராய்வோரும் இன்றும் அந்த ஆய்விலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பூமியின் சுழற்சியால் வட அரைக்கோளத்தில் ஓடும் நீர் வலப்பக்கம் ஒதுங்கும். வடக்கே ஏறும் உப்புநீர் கிழக்குக் கரைப் பக்கமாகவும், தெற்கே இறங்கும் நன்னீர் மேற்குக் கரைப் பக்கமாகவும் சாய்கின்றன. பெரிய ஆறுகள் மேற்கில் விழுவதும் இதற்குத் துணை. எனவே நேரெதிரே இருக்கும் இரண்டு கரைகளில் கிழக்குக் கரைத் தண்ணீர் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் கரிக்கும்.

விரிகுடாவுக்குள் வந்த நீர் வெளியேறச் சராசரியாக ஆறு மாதம் பிடிக்கிறது. வந்ததை இவ்வளவு காலம் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம்தான் இதன் வரம். இதன் நோயும் அதுதான்.

கரண்டி

அடுக்கைக் கலைக்கும் கரண்டிகள் மூன்று: ஓதம், காற்று, பருவம்.

ஓதம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. வாயருகே சுமார் ஒரு மீட்டர், நடுப்பகுதியில் அனாபொலிஸ் நகரருகே முப்பது சென்டிமீட்டர். இது பலமான கிண்டல் இல்லை. அதனால்தான் செசபீக் முழுதாகக் கலந்துவிடாமலும், அடியோடு பிரிந்துவிடாமலும் இடைப்பட்ட நிலையில் இருக்கிறது. வாயிலிருந்து மேலே போகப் போக உப்பு படிப்படியாகக் குறைகிறது. எந்த இடத்திலும் மேல்நீரைவிட அடிநீரில் உப்பு சற்றுக் கூடுதலாக இருக்கிறது.

பருவத்தின் கை இன்னும் பெரியது. மார்ச், ஏப்ரலில் பென்சில்வேனியா, நியூயார்க் பகுதிகளில் பனி உருகி வெள்ளமாக வரும்போது மேலடுக்கு தடிக்கிறது. மே தொடங்கிச் சூடும் சேர்வதால் அது இன்னும் லேசாகி, இரண்டு அடுக்குக்கும் நடுவே உள்ள எல்லை இறுகுகிறது. செப்டம்பருக்குப் பிறகு மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்குகிறது. காற்றும் வலுக்கிறது. அடுக்கு உடைந்து, அடிமட்டம் வரை ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது.

சில ஆண்டுகளில் இயற்கை அளவு தவறுவதும் உண்டு. 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் கொண்டுவந்த வெள்ளம் விரிகுடாவின் பெரும்பகுதியை நாள்கணக்கில் நன்னீராக்கியது. சிப்பிகள் ஏராளமாக மடிந்தன. மேல்விரிகுடாவின் நீர்ப்புல் படுகைகள் சேற்றில் புதைந்தன. ஏற்கெனவே நலிந்துகொண்டிருந்த புல்வெளிகள் அந்த அடியிலிருந்து மீள ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

மண்டி

ரசத்தில் மண்டி என்பது கழிவில்லை. பருப்பும் மிளகும் சீரகமும் தங்கியிருப்பது அங்கேதான். செசபீக்கின் வடக்குப் பகுதியில், உப்பு முதன்முதலாகத் தட்டுப்படும் இடத்தில், தண்ணீர் எப்போதும் கலங்கிக் கிடக்கும். பார்ப்பவருக்கு அது அழுக்காகத் தோன்றும். விரிகுடாவின் மண்டி அது.

அது உருவாகும் விதம் அழகானது. ஆற்று நீரில் மிதந்து வரும் களிமண் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. ஆகவே ஒன்றை ஒன்று விலக்கிக்கொண்டே வருகின்றன. உப்புநீரைத் தொட்டதும் அந்த விலக்கம் அடங்கித் துகள்கள் ஒட்டித் திரள்கின்றன. திரண்டவை கனத்து மெல்லக் கீழே இறங்குகின்றன. கீழே காத்திருப்பது வடக்கு நோக்கி ஏறும் அடியோட்டம். அது அவற்றை மறுபடி மேல்விரிகுடாவுக்கே தள்ளிக்கொண்டு வருகிறது. ஓதம் கிளறிவிட, மீண்டும் மிதந்து, மீண்டும் இறங்கி, அங்கேயே சுற்றுகின்றன. ஆற்றோடு வந்த இலைத்தூளும் சத்தும் இந்தச் சுழற்சியில் சிக்கிக்கொள்கின்றன. அதைத் தின்னும் நுண்ணிய மிதவை உயிரிகள் பெருகுகின்றன. அந்த உயிரிகளைத் தின்னச் சரியாக அந்த நேரத்தில் மீன்குஞ்சுகள் பொரிக்கின்றன.

உப்புப் பார்த்துக் குடியேறும் உயிர்கள்

செசபீக்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர, விலங்கினங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனக்கு ஏற்ற உப்பளவு ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் அந்த இரட்டை ஓட்டத்தை மிகத் திறமையாகப் பயன்படுத்துவது நீல நண்டு. நம் மீன் சந்தையில் கிடைக்கும் நீலக்கால் நண்டின் உறவினம் அது.

பெண் நண்டு தன் கடைசி ஓட்டை உரிக்கும்போதுதான் இணை சேரும். உப்புக் குறைந்த நடு, மேல் விரிகுடாவில் இது நடக்கிறது. ஓடு உரிந்து உடல் மிருதுவாக இருக்கும் அந்த ஆபத்தான நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆண் நண்டு அதைத் தன் அடியில் அணைத்துக் காவல் காக்கும். பிறகு ஆண் அங்கேயே தங்கிவிடும். பெண் மட்டும் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் தெற்கே, வாய்வரை நடந்தும் நீந்தியும் போகும். அங்கே உப்பு அதிகம். நண்டின் இளம்புழுக்களுக்கு அந்த உப்பு வேண்டும். குளிர்காலத்தைச் சேற்றில் புதைந்து கழித்து, அடுத்த கோடையில் இலட்சக்கணக்கான முட்டைகளை வயிற்றின் அடியில் சுமந்து, ஓதம் இறங்கும் நேரத்தில் புழுக்களை விடுகிறது.

அந்தப் புழுக்கள் நீரின் மேற்பரப்புக்கு ஏறுகின்றன. மேலடுக்கு கடலை நோக்கி ஓடுவதால் அவற்றைத் திறந்த கடலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. அங்கே ஒரு மாதத்துக்கு மேல் மிதந்து, பல முறை தோலுரித்து, அடுத்த பருவ உருவை அடைகின்றன. அந்த உருவில் அவை கரைப்பக்கம் வீசும் காற்றோடும், உள்ளே வரும் ஓட்டத்தோடும் வாய்க்குள் திரும்புகின்றன. இரவில் ஓதம் ஏறும்போது மேலெழுந்து உள்ளே பயணம். ஓதம் இறங்கும்போது அடியில் ஒட்டிக்கொண்டு நிற்பது. இப்படியே கடற்புல் படுகைகளுக்குள் வந்து ஒளிந்துகொள்கின்றன. வெளியே போக மேலடுக்கு, வீடு திரும்ப உள்ளோட்டம். இரண்டு அடுக்கும் கலந்துவிட்ட ஒரு குடாவில் இந்தப் பயணம் இவ்வளவு எளிதாக இருக்காது.

ஸ்ட்ரைப்டு பாஸ் மீன் இதற்கு நேரெதிர். அங்குள்ளோர் அதை ராக்ஃபிஷ் என்பார்கள். கடலில் வளர்ந்த மீன், ஏப்ரல், மே மாதங்களில் நன்னீர் தேடி ஆறுகளுக்குள் ஏறி முட்டையிடுகிறது. குஞ்சுகள் மேலே சொன்ன மண்டிப் பகுதியில் வளர்கின்றன. அமெரிக்காவின் அட்லான்டிக் கரையோர ராக்ஃபிஷில் பெரும்பங்கு செசபீக்கில் பிறந்தவை. அளவுக்கு மீறிப் பிடித்ததில் எண்ணிக்கை சரிந்ததும், மேரிலாந்து 1985இல் இம்மீனைப் பிடிப்பதை முற்றிலும் தடைசெய்தது. ஐந்து ஆண்டு பொறுத்தார்கள். 1990இல் கட்டுப்பாடுகளோடு மறுபடி திறந்தார்கள். மீன் திரும்பி வந்தது. இன்று குஞ்சுகளின் எண்ணிக்கை மீண்டும் கவலை தருகிறது. ஆனால் பொறுத்தால் பலன் உண்டு என்பதை அந்த ஐந்து ஆண்டுகள் காட்டிவிட்டன.

இடைப்பட்ட உப்பில் வாழ்பவை சிப்பிகள். உப்பு மிகக் குறைந்தால் மடியும். மிகக் கூடினால் நோயும் எதிரிகளும் தாக்கும். நடுவில்தான் நிம்மதி. வளர்ந்த ஒரு சிப்பி நல்ல சூழலில் நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டும். 1880களில் மேரிலாந்தில் மட்டும் ஓராண்டில் ஒன்றரைக் கோடி புஷல் அளவுக்குச் சிப்பி வாரினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து மேடிட்டிருந்த சிப்பித் திட்டுகள் இரும்பு வாரிகளில் சிதைந்தன. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் டெர்மோ, எம்எஸ்எக்ஸ் என்ற இரண்டு நோய்கள் மிச்சத்தையும் தாக்கின. உயிரியலாளர் ரோஜர் நியூவெல் 1988இல் ஒரு மதிப்பீடு செய்தார். பெருமளவில் வாரத் தொடங்குவதற்கு முந்தைய சிப்பிகள் விரிகுடாவின் நீர் முழுவதையும் சில நாட்களில் வடிகட்டியிருக்கும். எஞ்சியவற்றுக்கு ஏறத்தாழ ஓராண்டு தேவைப்படும்.

தெளிவே மூடியாகும்போது

இப்போது விரிகுடாவின் நோய்க்கு வருவோம். வயல்களில் இட்ட உரம், கோழிப் பண்ணைகளின் எரு, நகரங்களின் சாக்கடை, வாகனப் புகை எல்லாவற்றிலிருந்தும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வசந்த கால வெள்ளத்தோடு வந்து இறங்குகின்றன. வந்ததை ஆறு மாதம் பிடித்து வைத்திருக்கும் பாத்திரம் இது. ஒளியும் சூடும் சேர, மேலடுக்கில் பாசி பொங்குகிறது. பிறகு மடிந்து அடியில் இறங்குகிறது. அதை மட்கச் செய்யும் பாக்டீரியா அடிநீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது.

ஆக்சிஜன் தீர்ந்தால் மேலிருந்து புதிதாக இறங்க வேண்டுமல்லவா? கோடையில் இறங்காது. லேசான, சூடான மேலடுக்கு கனமான அடிநீரின்மேல் மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடுகிறது. நடுப்பள்ளத்தில் மாட்டிக்கொண்ட நீர் ஜூன் முதல் ஆகஸ்டு வரை மூச்சில்லாமல் கிடக்கிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் குறைவாக ஆக்சிஜன் இருக்கும் இப்பகுதியை இறந்த மண்டலம் என்கிறார்கள். மீன் தப்பி ஓடும். ஓட முடியாத புழுவும் மட்டியும் சாகும். சில நாட்களில் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கி, இந்த அடிநீரைக் கரையோரம் ஏற்றிவிடும். அப்போது நண்டுகள் முழங்கால் அளவு தண்ணீரில் கூட்டமாக வந்து ஒதுங்கும். கரையில் நிற்பவருக்கு அது கொண்டாட்டமாகத் தெரியும். நண்டுகளோ மூச்சுக்காக ஓடி வந்தவை.

பாசி மேலே பெருகும்போது அடியில் இருக்கும் புல்லுக்கு ஒளி போகாது. புல் அழிந்தால் நண்டுக் குஞ்சுக்கு ஒளிவிடம் இல்லை, சேற்றைப் பிடித்து வைக்க வேர் இல்லை. சிப்பியும் இல்லாததால் பாசியை வடிகட்ட ஆளில்லை. ஒன்றின் குறை மற்றதில் போய் ஏறுகிறது.

இதற்கு மருந்து விரிகுடாவுக்குள் இல்லை, ஊற்றும் நிலத்தில் இருக்கிறது. 1983இல் மேரிலாந்து, வர்ஜீனியா, பென்சில்வேனியா மாநிலங்களும் வாஷிங்டன் நகரமும் மத்திய அரசும் முதல் செசபீக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பாஸ்பேட் கலந்த சலவைத்தூளை மேரிலாந்து 1985இல் தடைசெய்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்த 2004இல் ஒவ்வொரு வீட்டிடமும் கட்டணம் வசூலிக்கச் சட்டம் இயற்றியது. 2010இல் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒவ்வொரு மாநிலமும் எவ்வளவு நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல் விடலாம் என்று உச்சவரம்பு விதித்து, 2025ஐக் கெடுவாக வைத்தது. கெடுவுக்குள் எல்லா இலக்கும் எட்டப்படவில்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் நன்றாகச் செய்தன. ஆயிரக்கணக்கான வயல்களிலிருந்து பரவலாகக் கசிவதைத் தடுப்பது கடினமாக இருக்கிறது. ஆனாலும் மக்கள்தொகை பெருகிய அதே காலத்தில் விரிகுடாவுக்கு வந்து சேரும் நைட்ரஜன் குறைந்திருக்கிறது. ஆக்னஸ் புதைத்த சஸ்குவேஹானா முகத்துப் புல்வெளிகள் 2000களில் பல ஆயிரம் ஏக்கருக்குத் திரும்பி வளர்ந்தன. 1972இல் டிடிடி பூச்சிக்கொல்லி தடைசெய்யப்பட்ட பிறகு விரால் அடிப்பான் பறவையும் வெண்தலைக் கழுகும் மீண்டன.

தெளிவா, மண்டியா? போகிறவர்களுக்கு

அடுக்கைப் புரிந்துகொண்டவருக்கு எந்தப் பருவத்தில் எங்கே போக வேண்டும் என்பது தானே தெரியும்.

மார்ச் நடுவில் விரால் அடிப்பான்கள் தென் அமெரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் திரும்பி வந்து, நீரில் நட்ட கம்பங்களின் மேல் கூடு கட்டுகின்றன. அடுத்த சில மாதங்கள் கயாக் படகில் உட்கார்ந்தபடியே அவை மீனுக்குப் பாய்வதைப் பார்க்கலாம். உலகத்தில் இப்பறவை மிக அடர்த்தியாகக் கூடு கட்டும் இடங்களில் செசபீக்கும் ஒன்று. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர்கள் கிழக்குக் கரையில் உள்ள பிளாக்வாட்டர் தேசிய வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகலாம். 1933இல் தொடங்கப்பட்ட அந்தச் சதுப்பு நிலத்தில் ஆர்க்டிக்கிலிருந்து வந்த அன்னங்களும், வாத்துகளும், வெண்தலைக் கழுகுகளும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

நீந்த விரும்புகிறவர்கள் உப்பைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் நடுவிரிகுடாவில் கொட்டும் ஜெல்லி மீன்கள் பெருகும். வெதுவெதுப்பான, லிட்டருக்கு 10 முதல் 16 கிராம் வரை உப்புள்ள நீர் அவற்றுக்குப் பிடித்தது. அதனால் மழை அதிகம் பெய்து நன்னீர் ஓங்கிய ஆண்டில் அவை தெற்கே ஒதுங்கும். வறண்ட ஆண்டில் வடக்கே ஏறும். கோடையில் குழந்தைகளோடு குளிக்க வடக்கு முனையும் ஆறுகளின் மேற்பகுதியும் நல்லவை. பெருமழை பெய்து இரண்டு நாள் ஆகும்வரை நீரில் இறங்க வேண்டாம் என்பது அங்குள்ள சுகாதாரத் துறையின் அறிவுரை. தெருவெல்லாம் கழுவிய தண்ணீர் முதலில் மேலடுக்கில்தான் வந்து நிற்கும்.

நண்டு பிடிக்கப் பெரிய சாதனம் வேண்டாம். ஒரு நூல், அதன் முனையில் கோழிக் கழுத்து, கையில் ஒரு வலைக்கூடை. படகுத்துறையில் உட்கார்ந்து நூலை இறக்கி, இழுப்பு தெரிந்ததும் மெல்ல, மிக மெல்ல மேலே கொண்டுவந்து வலையால் அள்ள வேண்டும். குழந்தைகளுக்கு இதைவிடப் பொறுமை கற்றுத் தரும் விளையாட்டு அரிது. விதிகளை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மேரிலாந்தில் பொழுதுபோக்காகப் பிடிப்பவர்கள் பெண் நண்டை வைத்துக்கொள்ளக் கூடாது. கொடுக்குகளின் நுனி சிவப்பாக இருந்தால் அது பெண். வாய்வரை போகவேண்டிய பயணம் அதற்கு இருக்கிறது, விட்டுவிடுங்கள். பிடித்ததை ஓல்டு பே என்ற காரப்பொடி தூவி ஆவியில் வேகவைத்து, மேசையில் காகிதம் விரித்து, மரச்சுத்தியால் உடைத்து எல்லோருமாகச் சேர்ந்து தின்பது அந்த ஊர் வழக்கம். அந்தப் பொடியை 1939இல் பால்டிமோரில் உருவாக்கியவர் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த குஸ்டாவ் புருன் என்ற யூத வணிகர்.

பாய்மரப் படகுக்கு அனாபொலிஸ். அங்கிருந்து படகில் போனால் 1875இல் கட்டிய தாமஸ் பாயிண்ட் கலங்கரை விளக்கம் நீருக்கு நடுவே கம்பிக் கால்களில் நிற்பதைப் பார்க்கலாம். மேற்குக் கரையில் கால்வர்ட் பாறைச்சரிவுகளின் அடியில் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய சுறாப் பற்கள் மணலில் கிடைக்கின்றன. பெரும் பாலங்களை விரும்புவோருக்கு, 1964இல் திறந்த செசபீக் பாலச் சுரங்கப் பாதை விரிகுடாவின் வாயைக் குறுக்கே 28 கிலோமீட்டர் கடக்கிறது. அதன்மேல் போகும்போது நீங்கள் கடப்பது கடல் உள்ளே வரும் வாசலை.

கிறிஸ்ஃபீல்டிலிருந்து படகேறி ஸ்மித் தீவுக்கோ டான்ஜியர் தீவுக்கோ போகிறவர்கள் தாமதிக்க வேண்டாம். நிலம் மெல்லத் தாழ்வதாலும் கடல் ஏறுவதாலும் செசபீக்கில் நீர்மட்டம் கடந்த நூறாண்டில் ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்த ஹாலண்ட் தீவின் கடைசி வீடு 2010இல் நீரில் சரிந்தது.

கழிமுகம் தன்னிடம் வருவதைத் தள்ளிவிடாது. சுழற்றிச் சுழற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சத்தை ஊற்றினால் நண்டும் மீனும் தரும். அழுக்கை ஊற்றினால் அதையும் அதே முறையில் வைத்துக்கொண்டு திணறும். அந்த நிலத்தில் வீடு வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புல்தரைக்கு உரம் போடுவதற்கு முன் மண்ணைச் சோதியுங்கள், மழை வரும் என்று தெரிந்த நாளில் போடாதீர்கள், வாசலில் கழுவிய எண்ணெயும் சோப்பும் தெருவோர வடிகாலில் இறங்கவிடாதீர்கள். கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் உங்கள் வடிகால் போய் முடிவது செசபீக்கில்தான்.